தலையிடாதவன்

ஐம்பது தாண்டியும் எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஷிரே ஆற்றின் அக்கரையில் நாணல் அசைந்தால், காற்றா, ஆமையா, முதலையா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். அதனால்தான் முதலைகளை ஆராய ஜோம்பா நகரத்திலிருந்து வந்த மலுவா அம்மா, ஊரில் இத்தனை பேர் இருக்க, மசாவுகோவாகிய என்னைத் தேர்ந்தெடுத்தார்.

தண்ணீர்த் துறைக்குப் பக்கத்தில் எனக்கொரு மூங்கில் மேடை கட்டிக் கொடுத்தார்கள். "நீங்க பார்க்கிறதே முதலைக்குத் தெரியக் கூடாது. கத்தக் கூடாது, கல்லெறியக் கூடாது. எதுலயும் தலையிடாதீங்க. பார்த்ததை ஃபோன்ல பேசி அனுப்புங்க, போதும்" என்றார் அம்மா. இவ்வளவு தெளிவாகப் பேச எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? இங்கே கண் ஒன்றைப் பார்த்துவிட்டால், கேட்காமலே வாயும் கூட வந்துவிடும்.

எங்கள் பெண்கள் தண்ணீர் எடுக்கும் இடத்தைச் சுற்றி, முதலை வராமலிருக்க ஆற்றுக்குள் கழிகளை நெருக்கி நட்டு வேலி போட்டிருக்கிறார்கள். அதையும் நம்பாமல், இறங்குமுன் தடியால் தண்ணீரை அடித்து நாலு பக்கமும் பார்ப்பார்கள். நான் மேடை ஏறிய கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் போயிற்று. "மேலதான் மசாவுகோ அண்ணன் உட்கார்ந்திருக்காரே" என்று நேரே இறங்கினார்கள். நானா அப்படி இறங்கச் சொன்னேன்? அவர்கள் சோம்பலுக்கு நான் பொறுப்பாக முடியாது.

பக்கத்து வீட்டு எனலேசி வாய்த்துடுக்குக்காரி. குடத்தோடு மேடைக்கடியில் நின்றுகொண்டு, "அண்ணே, கண்ணை வாடகைக்கு விட்டுட்டீங்களாமே. வாயாவது சொந்தமா இருக்கா, அதுவும் போயிடுச்சா?" என்பாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான், மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. பார்ப்பவனுக்குக் கோபதாபம் கூடாது.

அன்று காலை பெரியது வந்தது. பாதி வால் போன கிழட்டு முதலை; மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே. எனலேசி படியிறங்கிக்கொண்டே, "அண்ணே, வேலி இந்தப் பக்கம் பொக்கையா இருக்கே, பார்த்தீங்களா?" என்றாள்.

"பார்த்தேன்" என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

"பயமில்லையே?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஓடுவாள், முதலை முழுகிவிடும். அப்புறம் நான் பார்த்தது முதலையின் சுபாவத்தையா, என் குரல் பண்ணிய வேலையையா? நியாயமாக யோசித்துப் பாருங்கள். அவள் கரையிலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "அண்ணன் வாயும் வாடகைக்குப் போயிடுச்சுடி" என்று சிரித்தபடி குடத்தைச் சாய்த்தாள்.

நடந்ததை ஒன்று விடாமல் ஃபோனில் பேசி அனுப்பினேன். கேட்டுப் பாருங்கள், என் குரல் நடுங்கியிருக்காது. அம்மா பாராட்டுவார் என்று நினைத்தேன். அவரோ ஓடி வந்து, "ஆள் இறங்கினா குரல் கொடுக்கணும்னு தனியா வேற சொல்லணுமா, பாவி?" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதார். படித்தவர்களும் கடைசியில் இவ்வளவுதான். எனலேசியின் புருஷன் அடுப்புகூட மூட்டாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். அதையும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேலியைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அந்தப் பக்கத்துக் கழிகளை முந்தின நாள் பிடுங்கியது நான்தான். மேடையிலிருந்து பார்த்தால் சரியாக அவள் குடம் முக்கும் இடத்தை மறைத்தன. நான் செய்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் முதலை செய்தது. கழிகள் இன்னும் மேடைக்கடியில் கிடக்கின்றன, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய அன்று மாலையே திரும்ப நட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அது தலையிடுவதாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.