லிங்கி ஆற்றில் முதலை உண்டு

உங்கள் ஸ்டேஷனில் குடிக்கக் கொடுத்த தே ஓ நன்றாக இருந்தது, மேடம். சீனி கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் அறுபத்தெட்டு வயதாகியும் எனக்கு இனிப்பு நீர் வியாதி கிடையாது. அந்த விசிறியை மட்டும் ஒரு நம்பர் குறைத்துவிடுங்கள், உங்கள் தாள் பறக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து எழுதியவன் நான். எழுதுகிறவர்களுக்குக் கை வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. சன்னாசி செத்துவிட்டான் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. கடிதத்தின் நகல் உங்கள் கையிலேயே இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பாருங்கள். இந்தக் கணேசமூர்த்தி பொய் எழுதினான் என்று இந்த லிங்கிப் பக்கம் ஒருத்தர் விரல் நீட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

இங்கிலீஷ்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, மேடம். ஒரு விஷயத்தைச் சொல்லவும் மாட்டார்கள், சொல்லாமலும் விடமாட்டார்கள். "ஐ அஸ்யூம்" என்று ஆரம்பிப்பார்கள், அதாவது "அப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்". நம்ம தமிழில் "அவன் செத்திருப்பான் போல" என்று சொல்லிப் பாருங்கள். "எவன் சொன்னான்?" என்று உடனே நாலு பேர் சட்டையைப் பிடிப்பார்கள். இங்கிலீஷில் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு.

கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரையைப் பார்த்துத்தான் இதை நான் பிடித்துக்கொண்டேன். மனுஷன் ஒருநாளும் யாரையும் அதட்டியதில்லை. "மழைக்கு முன்னால் பால் வந்து சேர்ந்துவிடும் என்று அஸ்யூம் பண்ணுகிறேன், மிஸ்டர் மூர்த்தி" என்பார், அவ்வளவுதான். ஆட்களை மேய்க்கும் மண்டோர் குடல் தெறிக்க ஓடுவார். ரப்பர் பால் வந்துவிட்டால் பெயர் துரைக்கு. வராவிட்டால், "நான் அப்படி அஸ்யூம் பண்ணியிருந்தேனே" என்று ஒரு பெருமூச்சு விடுவார், திட்டு மண்டோருக்கு. அடடா, இதல்லவா பாஷை என்று நான் சொக்கிப்போனேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தோட்டம் கைமாறிவிட்டது, ஆட்கள் குடியிருக்கும் லயங்களை இடிக்கப் போகிறார்கள். பழைய ஆட்களுக்கென்று கம்பெனி இருபத்து நாலு வீடு கட்டுகிறது. பட்டியலில் இருபத்து நாலாவது பெயர் சன்னாசி, பால் மரம் வெட்டிக் காலம் தள்ளியவன். இருபத்தைந்தாவது பெயர் நான். இருபத்து நாலாம் வீடு மூலை வீடு, மேடம். மூன்று பக்கமும் காற்று. கிடைக்காவிட்டால் சன்னாசிக்கும் அவன் பெண்டாட்டி பஞ்சாலைக்கும் தெருதான் என்கிறார்கள். எனக்கு ராசா ஊரில் மகள் விமலா வீடு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மருமகன் வாசலில் பெட்டியோடு போய் நிற்பது என் வயதுக்கு அழகா? நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சமயம் பார்த்துச் சன்னாசிக்குக் கண் ஆபரேஷன். சுங்கை காடுட்டில் ஃபேக்டரி வேலை பார்க்கும் மகள் மாதவி, அப்பாவையும் அம்மாவையும் மூன்று வாரம் தன்னோடு வைத்துக்கொண்டாள். நான் கம்பெனி தலைமை ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மொத்தம் நாலே வாக்கியம். சன்னாசி சனிக்கிழமை தவறாமல் லிங்கி ஆற்றில் தூண்டில் போடுகிறவன். லிங்கி ஆற்றில் முதலை உண்டு. சன்னாசியை மூன்று வாரமாக லயத்தில் காணவில்லை. மேற்கொண்டு நான் சொல்லவேண்டியதில்லை என்று அஸ்யூம் பண்ணுகிறேன்.

இதில் எது பொய்? ஆற்றங்கரையில் முதலைப் படம் போட்டுப் போர்டே வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஷங்கர் என்று ஒரு ஆபீசர் இங்கிலீஷில் பதில் போட்டார். தங்கமான பிள்ளை. ஆழ்ந்த அனுதாபங்கள், குடும்பத்துக்கு இனி வீடு தேவைப்படாது என்று நாங்கள் அஸ்யூம் பண்ணலாமா, விதவையின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருந்தார். பாருங்கள், நான் ஆற்றில்தான் விட்டேன். சாகடித்தது அவர்.

கம்பெனிக் கடிதம் எல்லாம் என் வீட்டு முகவரிக்குத்தான் வரும், ஆதிகாலத்துப் பழக்கம். அதற்குள் சன்னாசி கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்திருந்தான். இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினேன்.

"என்னாங்க ஐயா போட்டிருக்கு?" என்றாள் பஞ்சாலை.

"வீட்டுக்கு என்ன பெயிண்ட் வேணும்னு கேக்கறாங்க" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அறுபது வருஷமாகக் கம்பெனி அடித்த சுண்ணாம்பையே பார்த்தவள். "பச்சை வேணாம்லா, பாசி மாதிரி இருக்கும். லைட் நீலம் போடச் சொல்லுங்க" என்றாள். சன்னாசிக்கு மஞ்சள் பிடிக்குமாம். புருஷனும் பெண்டாட்டியும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அவன்தான் விட்டுக்கொடுத்தான். "எளுதுங்க ஐயா, நீலமே இருக்கட்டும். வீட்டுல கெடக்கறவ அவதானே" என்றான். விதவையின் கையெழுத்து என்ற இடத்தில் நான் விரல் வைத்துக் காட்டினேன். காற்றில் தாள் ஆடியது. அது ஆடாமல் சன்னாசிதான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நல்ல தம்பதி, மேடம். எனக்கே கண் கலங்கிவிட்டது.

எல்லாம் ஒழுங்காகத்தான் முடிந்திருக்கும். ஷங்கர் நேரில் துக்கம் விசாரிக்க வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. இந்தக் காலத்தில் யார் வருகிறார்கள்? ஆனால் போன வியாழக்கிழமை மனுஷன் வந்துவிட்டார், கார் டிக்கியில் ஒரு ஆள் உயரத்துக்கு மலர் வளையத்தோடு. தோட்டத்து வாசலில் முதலில் கண்ணில் பட்டவனிடம், "கிராணி வீடு எது, அங்கிள்?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் இருந்த முகவரி அதுதானே.

அந்த அங்கிள் சன்னாசி.

வளையத்தைப் பார்த்ததும் சாவு என் வீட்டில் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். நானோ என் மனைவியோ போய்விட்டோம் என்று அடித்துப் புரண்டுகொண்டு, ஷங்கர் கையிலிருந்து வளையத்தைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, லயம் முழுக்க அலறியபடி ஓடி வந்தான். "ஐயோ, கிராணி ஐயா! எங்களுக்கு இனிமே யாரு லெட்டர் படிச்சுச் சொல்லுவா!" பின்னால் பஞ்சாலை மாரில் அடித்துக்கொண்டு வருகிறாள். அவளுக்குப் பின்னால் பாதி லயம். நான் வராந்தாவில் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை உயிரோடு பார்த்ததும் அவன் தொப்பென்று கீழே உட்கார்ந்துவிட்டான். "இருக்கீங்களா, சாமி, இருக்கீங்களா" என்று என் முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எனக்காக அப்படி அழ என் வீட்டிலேயே ஆள் கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த ஷங்கர், "மிஸ்டர் சன்னாசியோட மனைவி யாரு?" என்று கேட்டார். பஞ்சாலை கை தூக்கினாள். ஷங்கர் தலையைக் குனிந்து, "ரொம்ப வருத்தமா இருக்கு ஆன்ட்டி, உங்க ஹஸ்பெண்ட் விஷயம்" என்றார்.

"ஏன் சார், நான் என்னா செஞ்சேன்?" என்றான் சன்னாசி, வளையத்தின் நடுவிலிருந்து.

ஷங்கர் அவனைப் பார்த்தார். வளையத்து ரிப்பனில் இருந்த பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அங்கிள், ஐ அஸ்யூம்ட்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நடந்ததை எல்லாம் ஷங்கர் அங்கேயே வாசலில் நின்று தமிழில் எடுத்துச் சொன்னார், கடிதத்தையும் விதவைக் கையெழுத்தையும் ஒன்றுவிடாமல். அவ்வளவு விளக்கியிருக்கவேண்டியதில்லை. சன்னாசி வளையத்தைக் கழற்றி என் வராந்தாவில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளே வீடு அவனுக்குத்தான் என்று கம்பெனி உறுதி செய்துவிட்டது. லைட் நீலம் அடித்துத் தருகிறார்களாம். ஆகவே யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஷங்கர் எதற்குப் போலீஸ் ரிப்போர்ட் வரை போனார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

பஞ்சாலை மட்டும் சனிக்கிழமை காலையில் வந்தாள். படி ஏறவில்லை, கீழேயே நின்றாள். வையப் போகிறாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் தேவலை.

"ஐயா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். இருவத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி மாதவி நர்ஸ் படிப்புக்கு எளுதிப் போட்டாளே, அந்த லெட்டரும் ஆபீசுக்குத்தானே வந்துச்சு. எடம் இல்லைன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க. அதுல என்னா போட்டிருந்துச்சு?"

நான் கதவைச் சாத்திவிட்டேன், மேடம். அது இந்தக் கேஸில் வராது. ஆனாலும் நீங்கள் பேனாவைக் கீழே வைக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

இரண்டு கடிதம் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, பதினான்கு நாளில் பதில் போடவும் என்றது முதலாவது. பதில் இல்லாததால் தங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம் என்றது இரண்டாவது. என்ன ஒரு நாகரிகமான வாக்கியம், கவனித்தீர்களா? காத்திருந்தவர்களில் அடுத்த பெயர் என் விமலா. இன்றைக்கு அவள் ஸ்டாஃப் நர்ஸ், கையில் நல்ல ராசி என்று நோயாளிகள் சொல்கிறார்கள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மாதவி பதினான்கு நாளும் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று, "லெட்டர் வந்துச்சா, அங்கிள்?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். அப்புறம் இடம் இல்லையாம் என்று அவள் அப்பனிடம் சொல்லியனுப்பினேன். அதற்கு அடுத்த நாள் அவள் வரவில்லை. உண்மையாக ஆசை இருந்திருந்தால் வந்திருப்பாளே, மேடம். விருப்பமில்லை என்றுதான் நானும் எடுத்துக்கொண்டேன்.