கழுத்துச் சூடு

இந்த நாற்காலியே போதும் ஐயா, வசதியாகத்தான் இருக்கிறது. பட்டறையில் நான் உட்காரும் முக்காலிக்குச் சாய்மானமே கிடையாது. பழைய நகைகளைப் பழுதுபார்க்கிறவனுக்கு முதலில் முதுகு போகும், பிறகு கண் போகும். எனக்குக் கண் இன்னும் போகவில்லை. போயிருந்தால் அந்த முத்துமாலையில் வந்த மாற்றத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன். உங்களுக்கும் இந்தச் சிரமம் இருந்திருக்காது.

முத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைக் கொடுமைக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

வைரம் வெறும் கல். எத்தனை தலைமுறை பெட்டியில் கிடந்தாலும் துடைத்து எடுத்தால் மின்னும். முத்து அப்படியில்லை. சிப்பிக்குள் ஓர் உயிர் தன் உடம்பிலிருந்து சுரந்து, படலம் படலமாகப் பூசி வளர்த்தது அது. அதற்குள் துளி ஈரம் இருக்கிறது. பூட்டி வைத்தால் அந்த ஈரம் வற்றிப்போகும். முத்து முதலில் மஞ்சளடிக்கும், பிறகு சுண்ணாம்பாய் வெளிறும், கடைசியில் மேல்தோல் வெடிக்கும். அதற்கு மருந்து கிடையாது. மனிதத் தோலின் சூடும் அதில் ஊறும் எண்ணெய்ப்பசையும் பட்டுக்கொண்டே இருந்தால் சில முத்துகளுக்கு ஒளி திரும்பி வரும். இதைப் பலர் நம்புவதில்லை. நான் நம்புகிறேன்.

ஆனால் எல்லாத் தோலுக்கும் அந்த ராசி கிடையாது. என் வியர்வை புளிப்பு. நான் போட்டால் நல்ல முத்தும் மங்கிவிடும். என் தங்கையின் தோல் வேறு மாதிரி. அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். பள்ளிக்கூடம் முடித்த வயதில் ஒருநாள் விளையாட்டாக ஒரு பழைய சரத்தை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு கூட்டினாள். சில நாளில் அந்தச் சரம் முகம் கழுவிய குழந்தைபோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து முத்து வேலை வந்தால் முதலில் அவள் கழுத்துக்குத்தான் போகும். பெரிய பெரிய வீட்டு நகைகளைப் போட்டுக்கொண்டு பாத்திரம் துலக்குவாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மா மாடிப்படியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "என்னடி மகாராணி, வெங்காயம் உரிக்கவா இந்த அலங்காரம்?" என்று கேலி செய்வார். அவள் நடக்கும்போது முத்தோடு முத்து உரசி மெல்ல ஒரு சத்தம் வரும். அதை வைத்தே எந்த அறையில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாலையைக் கொண்டுவந்தது கப்பல் கம்பெனிக்காரர் வீட்டு மருமகள். வங்கிப் பெட்டகத்தில் மாமியார் காலத்திலிருந்து கிடந்ததாம். கூடவே அந்த மாமியாரின் புகைப்படத்தையும் கொண்டுவந்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் கழுத்தைச் சுற்றி ஒரு வெளிச்சம் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. "இது மாதிரி வருமா?" என்று கேட்டார். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கடல் முத்து, ஒவ்வொன்றும் கையால் துளைத்தது. இரண்டு பக்கமிருந்தும் துளைத்துக்கொண்டு வந்து நடுவில் சந்திக்க வைத்திருந்தான் அந்தக் காலத்துக் கைவினைஞன். பின்கழுத்தில் சிறியதில் தொடங்கி முன்கழுத்துக்கு வரும்போது கோலிக்குண்டாய் வளரும் வரிசை. அத்தனையும் செத்துக் கிடந்தன.

"வரும்" என்றேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை மறுபடி வராது என்று தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கை கல்யாணப் பேச்சை எடுத்தாள். முனைத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர். நல்ல மனிதர், நான் குறையே சொல்லமாட்டேன். வேறு ஊரில் கடை போடப் போகிறார், அவளும் கூடப் போகிறாள். நான் மாலையை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை.

"அண்ணா, என் கழுத்து உங்க பட்டறை இல்ல" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"இது ஒண்ணுதான்மா. இதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்."

"இது ஒண்ணோட சரியா?"

"சரி."

அவளுக்கு இளகின மனசு. முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொக்கியில் பதித்திருந்த கற்கள் ஆடின, அதைத் தனியே கழற்றி வைத்திருந்தேன். அதனால் அவள் கழுத்திலேயே வைத்துக் கோத்தேன். பட்டு நூலை இரட்டையாக முறுக்கி, ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்றவை சிதறாமல் இருக்க அப்படித்தான் செய்வோம். கடைசியில் இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்து, பசை வைத்தேன். கழுத்தை ஒட்டிக் கிடக்கும் மாலை, தலைவழியே வராது; இனி வெட்டினால்தான் கழற்ற முடியும். அவளிடம் அதைச் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். கொக்கி தயாரானதும் மாற்றிவிடுவேன் என்று சொன்னேன். கொக்கி மறுநாளே தயாராகிவிட்டது.

மாலைக்கு ஒளி திரும்பவில்லை. நாளாக ஆக மஞ்சள் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். அவள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் காய்ச்சல் வந்தது.

நான் வரவழைத்ததில்லை ஐயா. அது தானாக வந்தது. முதல் நாள் கஷாயமும் ஈரத்துணியும் நான்தான் கொடுத்தேன். அடுத்த நாள் காலை ஜன்னல் திரையை விலக்கியபோது, தொண்டைக்குழியில் கிடந்த பெரிய முத்து ஒன்று உள்ளிருந்து சிவந்திருந்தது. சிவப்பு என்று சொன்னால் சரியாகாது. விடியும் முன் வானத்தின் ஓரத்தில் ஒரு நிறம் வருமே, அது. சாயங்காலம் பக்கத்து முத்துகளுக்கும் அது பரவியது. அவள் உடம்பு கொதிக்கக் கொதிக்க மாலை விழித்துக்கொண்டு வந்தது. அந்த மாமியாரின் படத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படம் தோற்றது.

நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அண்ணன் அதற்குமேல் என்ன செய்வான்? ஈரத்துணி வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன், முத்துக்குத் திடீர்க் குளிர்ச்சி ஆகாது. மாலை சுடுகிறது, கழற்றுங்கள் என்று கேட்டாள். எழுந்து கத்தரிக்கோலைத் தேடினாள். அதைப் பட்டறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். காய்ச்சலில் இருப்பவர் கையில் கூரான பொருள் கிடைக்கக் கூடாதல்லவா. கையால் இழுத்துப் பார்த்தாள். பட்டு, கழுத்துக்குத்தான் விட்டுக்கொடுக்கும், கைக்கு விடாது.

கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

"ரெண்டு நாளா கடைப்பக்கமே காணோமே, உடம்பு எதுவும் சரியில்லையா?"

"சித்தி வீட்டுக்குப் போயிருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துட்டு வரணும்னா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே..."

உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். பலவீனமான குரல்தான், ஆனால் அவர் தலையைத் திருப்பினார். நான் வானொலியைச் சற்றுக் கூட்டி வைத்தேன். யாரோ வயலுக்கு உரமிடுவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவள் இறந்த நேரத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. நான் முத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்மாடி டாக்டர் பிறகு வந்தார். கழுத்தைச் சுற்றி வரிசையாகப் பள்ளங்கள் பதிந்திருந்ததைப் பார்த்துத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குச் சொல்லியனுப்பினார். பெரிய முத்துக்குப் பெரிய பள்ளம், சிறியதற்குச் சிறியது. எப்போது கழற்றினேன் என்று அவர் கேட்டபோது உண்மையைத்தான் சொன்னேன். உடம்பு மெல்ல மெல்ல ஆறும்வரை காத்திருந்துதான் நூலை வெட்டினேன். சூட்டிலிருந்து சட்டென்று எடுத்தால் மேல்தோல் வெடித்துவிடும். முத்தின் மேல்தோல்.

கப்பல்காரர் வீட்டு மருமகள் வந்து பெட்டியைத் திறந்து மாலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "உயிரோட இருக்கே" என்றார். ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போனவர் இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பெட்டிக்குள் அது சுடுகிறதாம். கழுத்தில் போட்டால் யாரோ விரல் விட்டு இழுக்கிற மாதிரி இருக்கிறதாம். பணக்கார வீட்டுப் பெண்களுக்கு எதையாவது கற்பனை செய்வதற்கு நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை அலமாரியில் வைத்தேன். அன்றிலிருந்து அந்தச் சத்தம். முத்தோடு முத்து உரசும் சத்தம், பட்டப்பகலில். சமையலறைக்குப் போகும், குழாயடியில் நிற்கும், என் முக்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். பயமில்லை. இருபது வருஷமாகக் கேட்ட சத்தம்தானே. ஆனால் முன்பெல்லாம் அது நகர்ந்துகொண்டே இருக்கும். இப்போது பின்னால் வந்து நின்றால் போவதில்லை. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அலமாரியைத் திறந்தால் மாலை வெதுவெதுவென்று ஈரமாக இருக்கும். ஒளி மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. நீங்கள் கைப்பற்றியபோது பழையபடி சுண்ணாம்பாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எதிர்மாடியிலேயே டாக்டர் இருக்க ஏன் கூப்பிடவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். கூப்பிடப் புறப்பட்டேன் ஐயா. கடைசி நாள் பிற்பகல் செருப்பு மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டேன். அங்கே நின்று யோசித்தேன். டாக்டர் வந்தால் முதல் காரியமாக மாலையை வெட்டச் சொல்வார். மருந்து கொடுத்தால் சூடு இறங்கும். பின்கழுத்துச் சிறு முத்துகள் நாலைந்து இன்னும் விழிக்கவில்லை. டாக்டர் வந்தால் அவள் பிழைப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மேலே ஏறினேன்.

ஆனால் அவளைக் கேட்காமல் நான் எதையும் செய்யவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் சம்மதமில்லாமல் ஒரு சரத்தை அவள் கழுத்தில் போட்டதில்லை. கட்டிலருகே குனிந்து, காதோரமாய், "இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கிறியாம்மா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தலையை அசைத்தாள். இப்படியும் அப்படியுமாக, பக்கவாட்டில்தான் அசைத்தாள், திரும்பத் திரும்ப அசைத்தாள். எங்கள் வீட்டில் சரி என்பதற்கும் அப்படித்தான் அசைப்போம்.