பத்தாவது நினைவு நாள்

காப்பி ஆறிப்போயிருந்தால் என் அண்ணனுக்குப் பிடிக்காது. அதனால் கடைசி நாள் வரை மாடிக்கு நானே சூடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

அண்ணன் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்கள் அம்மா கட்டாயம் கேட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் ரேடியோவைத் திருகினால் அவர் குரல்தான். அப்புறம் புதுக் குரல்கள் வந்தன. அண்ணன் கல்யாண வீடுகளுக்கும் கடைத் திறப்புகளுக்கும் பாடப் போனார். நான் ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பெட்டிக்கு நாற்காலி போடுவார்கள், எனக்குப் போடமாட்டார்கள்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல், கச்சேரிக்குப் போகவில்லை. அன்று பார்த்து அண்ணனும் குழுவும் போன பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. சில உடல்கள் கிடைக்கவே இல்லை. அண்ணன் பஸ்ஸில் ஏறியதை ஊரே பார்த்தது. வழியில் குழுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு இறங்கிவிட்டதைப் பார்த்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை. அவர் கால்நடையாக என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ரேடியோவில் அவருக்கே அஞ்சலி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அவர் பாட்டுகள்.

“ரேடியோ ஸ்டேஷனுக்குப் போன் போடட்டுமாண்ணே?” என்றேன்.

“பேசாம இருடா. இன்னும் ரெண்டு பாட்டு போடுவான் போலிருக்கு. இன்னிக்கு ஒரு நாள் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்.”

ஆக, ஆரம்பித்தது அவர்தான்.

இரங்கல் கூட்டத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், யார் யார் அழுதார்கள் என்று அண்ணன் ஒருத்தரை விடாமல் ஆசையாக விசாரித்தார். கேட்டு முடித்ததும், “சரி, போதும்டா. நாளைக்குப் போய்ச் சொல்லிடுவோம்” என்றார்.

“அவசரப்படாதீங்கண்ணே. உங்க பிறந்த நாள் வருது. ரேடியோல அன்னிக்குப் பூரா உங்க பாட்டுதானாம். அது முடியட்டும்.”

பிறந்த நாள் முடிந்தது, முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தது. அது முடிந்தால் முதல் இசைத்தட்டின் வெள்ளி விழா. அதற்குள் பூங்காவில் சிலை வைத்துவிட்டார்கள். நான் நினைவுக் குழுத் தலைவர். சிலை வைத்தவர்கள் முகத்தில் கரியைப் பூச முடியுமா? பாடகன் என்று இருந்தால் ஏதாவது ஒரு நாள் வந்துகொண்டேதான் இருக்கும். அது என் குற்றம் இல்லை. அவர் சன்னல் பக்கம் போக ஆரம்பித்த பிறகுதான் பலகை அடித்தேன். பூட்டு அதற்கும் அப்புறம்தான்.

“கத்தி ஊரைக் கூட்டுவேன்டா” என்றார் ஒருநாள்.

“கூட்டுங்கண்ணே. ஜனங்க அழுததை மேல உக்காந்து ரசிச்சீங்கன்னு தெரிஞ்சா முதல்ல சிலையை உடைப்பாங்க. அப்புறம் உங்களை.”

அவர் கத்தவில்லை. சிலையின் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

அவரைச் சும்மாவும் வைத்திருக்கவில்லை, பாடவைத்தேன். ஒவ்வொரு நினைவு நாளிலும் ‘இதுவரை வெளிவராத பாட்டு’ என்று ஒன்றை வெளியிட்டோம். ஜனங்கள் உருகிப்போனார்கள். உங்களுக்குப் போன் செய்தாரே எதிர்வீட்டு டீச்சர், அவரும்தான். “உங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து பாடுற மாதிரியே இருக்கு சார்” என்பார். நல்ல ஸ்பீக்கர் என்பேன். போன மாதம் அவரே என்னை வாசலில் நிறுத்தி, “என்ன சார், உங்க ஸ்பீக்கர் ரொம்ப இருமுது” என்றார். சிரிக்காமல் கேட்டார்.

இருமல் முற்றித்தான் போயிருந்தது. டாக்டரிடம் போகலாம் என்று அண்ணன் கெஞ்சினார். சிலை வைத்த மனிதருக்கு எந்த டாக்டர் நாடி பார்ப்பார்? மருந்துக்கடையில் கேட்டு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன். பத்தாவது நினைவு நாள் முடியட்டும், தெரியாத ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் மனதாரத்தான் சொன்னேன்.

நேற்று நான் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்குக் கூட்டத்துக்குப் போகாதடா. மூச்சு முட்டுது. நீ பக்கத்துலயே இரு, அது போதும்.”

இஸ்திரி போட்ட சட்டை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவர் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். திரும்பி வரும்போது உயிர் இருக்காது என்று பூட்டும்போதே எனக்குத் தெரியும்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. கடைசி நேரத்தில் கையைப் பிடிக்கக்கூட ஆளில்லாமல் அண்ணன் எப்படித் தவித்திருப்பார் என்று பேசினேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததாக டீச்சர் சொல்கிறார். நான் வீடு திரும்பியபோது நீங்கள் கதவை உடைத்திருந்தீர்கள்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். கூடப் பிறந்தவன், இருக்காதா? ஆனால் பத்து வருடமாக அண்ணன் இறந்த நாள் என்று அந்தத் தேதியை மைக்கில் சொல்லும்போதெல்லாம் மனசு உறுத்தும், ஊருக்குப் பொய் சொல்கிறோமே என்று. நேற்றோடு அது உண்மையாகிவிட்டது. இனி அந்த நாளில் யார் அழுதாலும் அவர்களை யாரும் ஏமாளி என்று சொல்ல முடியாது. அண்ணனுக்கு நான் அதையாவது செய்து கொடுத்தேன்.