'கொறச்சு' என்ற சொல்லுக்குத் தடை விதித்த ரோஸிலி டீச்சருக்கு, பணி ஓய்வு நாளில்

பாரதப்புழைக் கரையின் பயிற்சிப் பட்டறைகளில் பல்லாண்டு பாடுபட்ட பெருந்தகையே! தலைகுனிந்து வந்த பிள்ளைகளைத் தலைநிமிர்த்தி வேலைக்கு அனுப்பிய தாயே! தவறினால் எங்கள் தலையிலும் தயங்காமல் குட்டிய தலைவியே! வணக்கம்.

வெல்டிங்கும் வயரிங்கும் கற்றுத்தர இந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் நாங்கள் பலர் இருந்தோம். கற்றதைக் கூசாமல் எடுத்துச் சொல்லக் கற்றுத்தர நீங்கள் ஒருவரே இருந்தீர்கள். நேர்காணலில் எப்படி நுழைவது, எப்படி அமர்வது என்று பிள்ளைகளின் பின்னாலேயே நடந்து உங்கள் செருப்புதான் தேய்ந்தது. குரல் தேயவில்லை என்பதற்குப் பக்கத்துத் தெருவே சாட்சி.

நம் ஊர்ப் பிள்ளைகளின் நாக்கில் ஒரு சனி உண்டு. அதன் பெயர் 'கொறச்சு'. கரைத்துக் குடித்த வேலையைக் கேட்டாலும் கொஞ்சம் தெரியும் என்பதுதான் நமக்கு மரியாதை. மும்பையிலிருந்து கப்பல் கட்டும் நிறுவனத்தார் ஆளெடுக்க வந்த அன்று, அந்த மரியாதைக்குப் பலியாகப் பார்த்தாள் பிந்துஜா. வெல்டிங் பிரிவில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்பா படுத்த படுக்கை. அந்த வேலையைத்தான் வீடே நம்பியிருந்தது. "வெல்டிங் தெரியுமா?" என்றார்கள். "கொறச்சு" என்றாள். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே இந்தியில் சொல்ல, வேண்டாமென்று அவர்கள் காரேறிவிட்டார்கள்.

ஆட்டோ பிடித்து விரட்டினீர்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது கர்த்தரின் கருணை! கார்க் கண்ணாடியைத் தட்டி நீங்கள் போட்ட சத்தத்தை ஆட்டோக்காரர் இன்றும் நடித்துக் காட்டுகிறார்:

"சாரே, எங்க ஊர்ல அஞ்சு பெத்தவகிட்டயும் பிள்ள வளக்கத் தெரியுமான்னு கேட்டா, கொறச்சுன்னுதான் சொல்லுவா! அவ வாயக் கேட்டது போதும், வந்து கையப் பாருங்க!"

மொழிபெயர்ப்பாளர் இதையும் அப்படியே சொல்ல, வந்தார்கள். அவள் ஒட்டிய தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வேலை கிடைத்தது. இன்று பிந்துஜா அங்கே புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறாள்.

மறுநாளே இந்த வளாகத்தில் அச்சொல்லுக்குத் தடை விதித்தீர்கள். மீறியவர் எல்லோருக்கும் டீக்கடையில் நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி வாங்கித் தரவேண்டும். பிள்ளைகள் திருந்திவிட்டார்கள், ஆசிரியர்கள் நாங்கள்தான் வாங்கி வாங்கி ஓய்ந்தோம். இந்தி வருமா என்று கேட்டதற்கு 'கொறச்சு' என்று வாய்தவறிய நிலைய முதல்வரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை.

நேற்று, மேசையை ஒழித்துக்கொண்டிருந்த உங்களிடம் கேட்டோம்: "டீச்சரே, எங்கள விட்டுப் போறதுல சங்கடம் இருக்கா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "கொறச்சு."

அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும், டீச்சர். ஆனாலும் சட்டம் சட்டம்தான். பழம்பொரி வாங்கித் தராமல் வாசலைத் தாண்ட விடமாட்டோம்!

மூட்டுவலி நீங்கி, முகமலர்ச்சி நீங்காது, பேரப்பிள்ளைகளையும் நிற்கவைத்து நேர்காணல் செய்துகொண்டு நீடு வாழ்க!

உங்கள்மேல் கொறச்சு அன்புள்ள,
ஆசிரியர்கள், அலுவலர்கள்