பாதிரியார் காலடியில் படுத்த குதிரை

ஹலோ... ஹலோ, மிஸ் ப்ரூயிட்டா? பத்திரிகையில சினிமாக்காரங்க வம்பு எழுதுறவங்க?... ஆமா, ஆமா, ரூஃபஸ் டால்பர்ட்தான்... செக்ரட்டரி இல்லம்மா, நானேதான் பேசறேன். ஞாயித்துக்கிழமை என் பண்ணையில நடந்ததை உங்களுக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல எழுதிக்கோங்க. நான். என் பொண்ணு லோரெய்ன். அவளைக் கட்டிக்கப்போற பையன் கால்வின். பையனோட அப்பா, பாதிரியார் ப்ரீன். அவர் சம்சாரம். குதிரை பழக்குற எமெட். அப்புறம் குதிரை... ஆமா, அதையும் எழுதுங்க. அன்னைக்கு ஒழுங்கா வேலை செஞ்சது அது ஒண்ணுதான்.

என்னது?... குடிச்சுட்டு விழுந்தேனா?... நாளைக்கே அச்சாகுதா! பொறுங்க, பொறுங்க. டால்பர்ட் குடும்பத்துல எவனும் குதிரையிலேர்ந்து விழுந்ததில்ல... சரி, சரி, எங்கப்பா ஒஹையோவுல செருப்புக்கடை வெச்சிருந்தார். ஏறினாத்தானே விழறதுக்கு. அதை விடுங்க. அந்தப் பாதிரியார் நற்கருணைக்கே ஒயின் தொடாதவர், திராட்சைச் சாறுதான் ஊத்துவார். உங்க பத்திரிகையைப் படிச்சா சனிக்கிழமை கல்யாணம் நின்னுடும். என் பொண்ணு அன்னைக்கிலேர்ந்து என் முகத்தைப் பார்க்கல.

நான் விழல. குதிரை படுத்துச்சு... ஆமா, படுத்துச்சு! சம்பந்தி கார்லேர்ந்து இறங்குறப்போ என் சினிமாக் குதிரை கமாண்டர் மேல கம்பீரமா வந்து தொப்பியைத் தூக்கலாம்னு... ஆமா, படத்துல வர்ற மாதிரியேதான். வயசு அறுபது, அறிவு ஆறு. ஸ்டுடியோ என்னைத் தொலைச்சுடும், இருந்தாலும் கேளுங்க. கமாண்டர்ங்கறது ஒரு குதிரை இல்ல. மூணு. ஒண்ணு க்ளோஸப்புக்கு, ஒண்ணு ஓட, ஒண்ணு விழ... விழத்தான்! குண்டு பட்டா சாயணுமே. கடிவாள வாரை ஒரு பக்கமா இழுத்தா போதும், அழகா படுத்துடும். நான் அந்த டூப்புல ஏறிட்டேன். வலது கை தொப்பியைத் தூக்குச்சு, இடது கை வாரை இழுத்துடுச்சு... ஆமா, பாதிரியார் காலடியிலயேதான். அந்தம்மா கொண்டுவந்த உருளைக்கிழங்கு சாலட்டுக்குள்ள என் தலை.

சிரிங்க, சிரிங்க... இல்ல, எனக்கு வித்தியாசம் தெரியல. படத்துல கமாண்டர் ஆண் குதிரை. நான் ஏறினது பெட்டை. பேரு பெட்டூனியா... எழுதுங்க, எழுதுங்க. எமெட் ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி என்னை இறங்கச் சொல்லியிருக்கான். என் அழகைப் பார்த்து மயங்கிட்டான்னு நெனச்சு நெஞ்சை இன்னும் நிமித்தினேன்.

வாடையா?... சாராய வாடைன்னு யாரு சொன்னது?... ஓ, பாதிரியார் சம்சாரமா... ஹலோ... இருக்கேன், இருக்கேன். அது வந்து... ஷேவிங் லோஷன்... நம்பமாட்டீங்களா... ஏம்மா, குதிரையோட விட்டுடக்கூடாதா? மனுஷனுக்கு ஏதாவது ஒண்ணு மிச்சம் வேணாமா?... சரி. இருங்க, கதவை சாத்திட்டு வர்றேன்.

ஹலோ... அது பசை... விக் ஒட்டுற பசை. முக்கால்வாசி சாராயம்தான் அதுல. வெயிலுக்கு இளகி வழிஞ்சுது... ஆமா, டோப்பாதான்... எந்தப் படத்துலயா? எல்லாப் படத்துலயும்! தொப்பியைத் தூக்குறப்போ சுண்டுவிரலால அமுக்கிக்குவேன். அதைத்தான் ஊரெல்லாம் டால்பர்ட் ஸ்டைல்ங்குது... தெரியும்மா, இனி எவன் என்னைக் கதாநாயகனா போடுவான்?

யாரு அது?... லோரெய்ன்? மாடி போன்ல எவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டு இருக்கே?... ஏய், அழறியா சிரிக்கிறியா?... இல்லம்மா, யோசிச்சுத்தான் சொன்னேன். வழுக்கைச் சம்பந்தியை அவர் பொறுத்துப்பார், குடிகாரனைப் பொறுத்துக்கமாட்டார்... ஆமால்ல, அவருக்கும் வழுக்கைதான்! சரி, போனை வை. போய் கால்வினைக் கூப்பிடு.

மிஸ் ப்ரூயிட், இருக்கீங்களா?... தலைப்பு நானே சொல்றேன்... இல்ல, அதெல்லாம் வேணாம், ஒரு எழுத்து மாத்தக்கூடாது. எழுதுங்க: "டால்பர்ட் குடிக்கவில்லை. டால்பர்ட்டுக்கு முடி இல்லை." வெச்சுடறேன்.