கழற்றாத மூடி

கிட்ட வந்து உட்காருங்கள். விளக்கு எரியட்டும்.

இது நம்ம மோரிஸின் சித்தப்பா எர்னஸ்டுக்கு நடந்தது. மோரிஸிடம் கேட்டுவிடாதீர்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம். எர்னஸ்ட் அப்போது வாலிபன். பால்வெட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. ஆள் எழும்பாத இருட்டு. சிடாம் கிரி தோட்டத்துச் செம்மண் சாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். மரத்தில் கட்டிய மங்குகளில் உறைந்த பாலின் புளித்த நாற்றம்...

தோட்டத்தில் குடியிருக்கும் நவமணியக்கா ஆள் அனுப்பியிருந்தாள். பெரட்டுக்கு முன்னால் வந்துவிட்டுப் போகவேண்டுமாம். அவ்வளவுதான் செய்தி. எர்னஸ்ட் வேகத்தைக் குறைத்தான். அக்காவுக்குத் தெரிந்துவிட்டதோ?

அக்காவின் புருஷன் பழனியாண்டி செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எர்னஸ்டுக்குக் கோலா கெத்திலில் மோட்டார் பட்டறை. பழனியாண்டி ஒரு பழைய ஜப்பான் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். ரெட்டை சிலிண்டர். இஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம். அந்த மாதிரி வண்டியில், அதிர்வை அடக்கும் எடைகளைச் சுழற்ற உள்ளே ஒரு சின்னச் செயின் உண்டு. தளர்ந்தால் இப்படித்தான் கத்தும். எண்ணெயை வடித்து, பக்க மூடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கே செயினை இழுத்துக்கொள்ளும். திரும்ப இறுக்கி மூடவேண்டும். அதுதான் வேலை.

அன்றைக்குச் சுங்கை பட்டாணியில் பந்து விளையாட்டு; பார்க்கப் போகிற அவசரம். எர்னஸ்ட் மூடியைத் தொடவில்லை. லாரிக்கு ஊற்றும் தடித்த எண்ணெயை ஊற்றினான். சத்தம் அமுங்கிவிட்டது.

"செயினை டைட் பண்ணிட்டேண்ணே. இனிமே பூனை மாதிரி போகும் லா."

"அப்ப பெட்ரோலுக்குப் பதிலா பால் ஊத்தலாம்னு சொல்லு."

அந்த வாரமே செயின் அறுந்தது. இஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வளைவில் பழனியாண்டி மரத்தோடு மோதிச் செத்தார்.

வளைவில் பேய் அடித்துவிட்டது என்று தோட்டமே பேசியது. கோழி அறுத்துப் படையல் போட்டார்கள். மாதா கோயில் பூசைக்குத் தவறாத கத்தோலிக்கன் எர்னஸ்டும் அங்கே நின்று, "ஆமா, இந்த இடம் சரியில்ல" என்றான். நசுங்கிய வண்டியை பழைய இரும்புக் கடையில் போட்டதும் அவன்தான்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா வீட்டில் மட்டும் வெளிச்சம். கதவு திறந்திருந்தது.

அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தலையில் கனகாம்பரம். நெற்றியில் குங்குமம்.

"வா தம்பி. ஒன்னு கேக்கணும்." குரல் சாதாரணமாக இருந்தது. "அவரு தெனமும் வந்து கூப்பிடறாரு. சத்தத்துக்குப் பயந்து நான் அந்த மோட்டார்ல ஏறினதே இல்ல. இப்ப சத்தம் போயிருச்சு, எர்னஸ்ட் கழட்டிப் பாத்துட்டான், தைரியமா ஏறுங்கறாரு. நீயே சொல்லு தம்பி. ஏறலாமா?"

வெளியே இருட்டில் ஓர் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரெட்டை சிலிண்டர். கடகடப்பே இல்லை. எண்ணெய் கருகும் நாற்றம் உள்ளே வந்தது.

அக்கா செருப்பை மாட்டினாள்.

ஏறுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்... அதற்குப் பிறகு அவனைக் கேள்வி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

எர்னஸ்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏறாதீங்கக்கா! நான் கழட்டவே இல்ல. எண்ணெயத்தான் ஊத்தினேன்..."

இஞ்சின் நின்றது.

பூச்சிகளின் சத்தம்கூட இல்லை. பிறகு, வெளியே வாசலுக்கு மிகக் கிட்டத்திலிருந்து, கோபமே இல்லாமல், மெதுவாக...

"கழட்டலயா, தம்பி?"