அக்காவின் மூக்கு

என் மகனுக்கு முட்டை பிடிக்காது, ஐயா. தட்டில் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். கோழிக்கறி என்றால் சட்டியையே வழித்துவிடுவான்.

சாப்பாட்டுக் கடை என் தங்கையுடையது. உரிமமும் அவள் பேரில்தான். நான் சமைக்கிறவள். கணவர் போன பிறகு என்னையும் பையனையும் கடையின் பின்னறையில் வைத்துக் காப்பாற்றுகிறவள் அவள். அந்தக் கடையில் எனக்கென்று இருந்தது என் மூக்கு ஒன்றுதான். இறைச்சிச் சட்டியின் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, ஒரு தரம் முகர்வேன். தலையாட்டினால் அடுப்பில் ஏறும். முகம் சுளித்தால் குப்பைக்குப் போகும். இறைச்சிக்கடைக்காரர் என்னைக் கண்டாலே, "ஜட்ஜம்மா வந்துட்டாங்க, தீர்ப்பைச் சொல்லுங்க" என்பார். தங்கைக்கு அதில் ஒரே பெருமை. "எங்க அக்கா மூக்கு இருக்கறப்போ எனக்கென்ன பயம்?" என்று சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. பக்கத்திலேயே நின்றும் பால் அடிப்பிடித்துத் தீய்ந்தது தெரியவில்லை. தங்கையிடம் சொல்லியிருக்கலாம். அவள் என்னைத் துரத்தியிருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வழக்கம்போல மூடியைத் திறந்தேன், கண்ணை மூடினேன், தலையாட்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாளுக்கு முந்தின நாள் மதியத்திலிருந்தே கரண்ட் இல்லை. காலையில் பார்த்தால் ஃபிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. தங்கை கோழிச் சட்டியை என் முகத்தருகே நீட்டினாள்.

"அக்கா, எனக்கென்னவோ சரியாப் படலை. கொட்டிடலாமா?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். குடு இப்படி."

முகர்ந்தேன். வெறும் காற்று. ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் வழுவழுத்தது. தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஏத்து அடுப்புல."

மதியம் தையல்காரரின் மகள் பள்ளிச் சீருடையோடு வந்தாள். "பெரியம்மா, எலும்பில்லாததா போடுங்க" என்றாள். பொறுக்கிப் பொறுக்கித்தான் போட்டேன். நல்ல பிள்ளை, தட்டைத் தானே கழுவி வைப்பாள்.

அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனபோது நானும் தெருமுனைவரை நடந்தேன். தையல்காரரின் கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை எடுத்துவிடத் தோன்றவில்லை.

தங்கையும் அதே கறியைத்தான் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடியே உங்களிடம், "எங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவளை விட்டுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். தெரிந்து விற்றாலும் தெரியாமல் விற்றாலும் விற்றவர்தான் பொறுப்பு என்று நீங்கள் சொன்னீர்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் விற்கவில்லையே, ஐயா. தங்கை சொன்னதும் சரிதான். மூக்கில்லாதவளுக்கு என்ன தெரியும்?

அன்று எனக்குப் பசியில்லை, சாப்பிடவில்லை. என் பையன் மட்டும் எப்படித் தப்பினான் என்று கேட்டீர்கள். அவன் கறி வேண்டுமென்று அழுது புரண்டான். நான்தான் அவனை மடியில் அழுத்திப் பிடித்து, வாயைத் திறக்கவைத்து, முட்டையை ஊட்டினேன்.